மொறிஸ் மைனரின் பழைய மீற்றரைத் திருத்துவதா, டிஜிட்டல் போடுவதா?

அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 கார், பெற்றோல் முள் எந்நேரமும் மேலேயே நிற்கிறது, வேகம் காட்டும் ஸ்பீடோ முள் ஆடுகிறது, கராஜில் டிஜிட்டல் மீற்றர் செற் போடச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். திறப்பைப் போட்டதும் பெற்றோல் முள் மெல்ல மெல்ல ஏறுகிறது என்றும் எழுதியிருப்பதால், அறுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிந்தின வண்டியாகத்தான் இருக்கும். பழையவற்றில் முள் உடனே துள்ளி எழும்பும்.

எங்கள் வண்டிக்கும் இதே தீர்ப்புத்தான் வந்தது. "மீற்றர் செத்துப்போச்சு அண்ணை, கழற்றி எறியுங்கோ." தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பின வண்டி அது. எனக்கு அந்தக் கதையே பிடிக்கவில்லை.

பெற்றோல் முள் வெப்பத்தில் வளைகிற ஒரு தகட்டில் வேலை செய்கிறது. அதற்குச் சராசரியாக 10 வோல்ற் கொடுக்க டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும், ஸ்ரெபிலைசர். அது மின்னை விட்டு விட்டுத்தான் அனுப்பும். அதன் ஏர்த், அதாவது வண்டியின் உடம்போடு சேருகிற வயர், விட்டுப்போனால் வெட்டுவதை நிறுத்திவிட்டு 12 வோல்ற்றையும் அப்படியே தள்ளும். தாங்கி காய்ந்து கிடந்தாலும் முள் கூட்டிக் காட்டும். பெட்டியிலிருந்து மின் வெளிவருகிற முனையில் ரெஸ்ற் லாம்பை வைத்துப் பாருங்கோ. மினுங்கி மினுங்கி எரிந்தால் பெட்டி நல்லது. எங்களுடையது நின்று எரிந்தது. ஏர்த் வயரின் முனையில் பச்சை பிடித்திருந்தது, எமரித் தாளால் தேய்த்துப் பூட்டினேன். அவ்வளவுதான் செலவு.

ஸ்பீடோ முள் ஆடுவதற்கு அனேகமாக அதைச் சுழற்றுகிற கேபிள்தான் காரணம், மீற்றர் இல்லை. உள்கம்பியை இழுத்துத் துடைத்து மெல்லிசாகக் கிறீஸ் பூசுங்கோ. மீற்றர்ப் பக்கத்து மேல்முனையைக் காய விடவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் சுழன்று ஏறி உள்ளே இருக்கும் காந்தக் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டயலின் எழுத்துகளை ஸ்பிரிற் போட்டுத் துடைக்க வேண்டாம், எழுத்தே துணியோடு வந்துவிடும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து மைனர்களில் எது எந்த வண்டியின் உறுப்பு என்று சொல்ல ஏலாது. பின் சில்லுகளைச் சுழற்றுகிற பற்சக்கரப் பெட்டிதான் டிஃப்; 948 சிசி வண்டியில் அதன் விகிதம் 4.55, பிறகு வந்த 1098இல் 4.22. 948 வண்டிக்கு 1098இன் டிஃப் மட்டும் மாறியிருந்தால் பழைய மீற்றர் வேகத்தை 7 வீதமளவு குறைத்துக் காட்டும். ஃபோனின் ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதையுங்கோ.

"பழசைக் கட்டி அழுகிறவன்" என்று சிலர் கீழே எழுத வருவார்கள். நானும் பற்றரியை ஏற்றுகிற பழைய டைனமோவைத் தூக்கிவிட்டுப் புதுவகை ஓல்ற்றனேற்றர் போட்டவன்தான், பற்றரியின் பொசிற்றிவ் முனைக்குப் பதிலாக நெகற்றிவ் முனை வண்டியின் உடம்போடு சேருகிற நெகற்றிவ் ஏர்த்துக்கும் மாற்றினேன். டயல் வெளிச்சத்துக்கு மஞ்சள் சாயலுள்ள எல்.ஈ.டி. போட்டிருக்கிறேன், நீலம் போட்டால் தேத்தண்ணிக் கடை மாதிரி இருக்கும். பற்றரி ஏறாவிட்டால் எரிகிற சார்ஜ் விளக்கில் மட்டும் பழைய பல்ப்பையே விட்டேன். அந்த இழையினூடாகப் போகிற மின்தான் ஓல்ற்றனேற்றரை எழுப்புகிறது, அங்கே எல்.ஈ.டி. போட்டால் பற்றரி ஏறாமலே போகலாம்.

டிஜிட்டல் செற்றைக் கனடாவிலிருந்து அனுப்பவா என்று கேட்ட மச்சான் ஒருவர் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் குடும்பத்தோடு இந்தக் காருக்குள் ஏறி இருந்து படம் எடுப்பார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்றப் பங்கு போடுவோம் என்றால் "அடுத்த முறை பார்ப்பம்" என்பார். வீட்டின் உறுதிப் பத்திரம் ஐந்து பேரின் பெயரில், ஒழுக்குக்குச் சட்டி வைப்பது நான் ஒருவன். இதை எழுத வேறு இடம் இல்லை, மன்னியுங்கோ.

கராஜுக்குக் காசு கொடுக்க முதல் அந்த ஏர்த் வயரைப் பாருங்கோ. ஸ்ரெபிலைசரே போயிருந்தால் இலத்திரனியல் வகை வாங்கலாம், பழைய பெட்டியின் இடத்திலேயே பூட்டலாம். உங்கள் அப்பா பொசிற்றிவ் ஏர்த்தை மாற்றாமல் வைத்திருந்தால் அதைச் சொல்லி, அதற்கென்று செய்ததையே கேளுங்கோ.