மேட்டில் நிற்காத ஹேண்ட்பிரேக்: வாசகர் கேள்விகள்

டர்பன் பக்கம் மேடு பள்ளத்துக்கும் குறைவில்லை, கடல் காற்றில் உப்புக்கும் குறைவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹேண்ட்பிரேக் பற்றியவை என்பதில் ஆச்சரியமும் இல்லை.

கே: வீட்டு வாசல் ஏற்றத்தில் கார் நிற்கவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஹேண்ட்பிரேக்கை டைட் செய்து 450 ராண்ட் வாங்கினார்கள். இரண்டு வாரம் நின்றது, இப்போது மறுபடி இறங்குகிறது. பின்சக்கரத்தில் தீய்ந்த வாடை வேறு. கேபிள் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "பின்சக்கர டிரம்மைத் திறந்து பார்த்தீர்களா?" திறந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் காசுக்குக் கிடைத்தது, லீவருக்கு அடியில் இருக்கும் ஒரு நட்டின் சில திருப்புகள்.

இந்த நட்டுத் திருகலைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லீவரை இழுத்தால் கேபிள் இழுபடும். சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு வளைந்த பிரேக் ஷூக்களும் விரிந்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும். ஓட ஓட ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயும், இடைவெளி கூடும். அந்த இடைவெளியை அடைக்க டிரம்முக்குள்ளேயே ஒரு அட்ஜஸ்டர் உண்டு. நம் ஊர் ஈரத்தில் அது துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் லீவர் ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் மேலே வரும்.

இந்த நிலையில் நட்டை மட்டும் முறுக்கினால் என்ன ஆகும்? கேபிள் எப்போதும் இழுபட்டபடியே இருக்கும். ஷூ தன் பழைய இடத்துக்குத் திரும்பாது, அட்ஜஸ்டரும் சரியாக வேலை செய்யாது. லீவரை இறக்கிய பிறகும் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே ஓடும். நீங்கள் சொல்லும் வாடை அதுதான். சூடேறிய லைனிங் பளபளவென்று ஆகிவிட்டால் பிடிப்பு முன்னைவிட மோசமாகும்.

முறை இதுதான். நட்டைத் தளர்த்திவிட்டு டிரம்மைத் திறக்க வேண்டும். லைனிங் எவ்வளவு மிச்சம், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிந்திருக்கிறதா, அட்ஜஸ்டர் சுழல்கிறதா, கேபிள் உறைக்குள் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் போடக் கூடாது. கசிவை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஷூவைச் சரியாக வைத்த பிறகுதான் கடைசியாக நட்டுக்கு வர வேண்டும். இவ்வளவும் பார்த்து, கேபிள்தான் துருப்பிடித்து இறுகியிருக்கிறது என்றால் தாராளமாக மாற்றுங்கள்.

பணத்தை விட்டுவிடாதீர்கள். நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு உங்கள் பக்கம்தான். வேலை தரமாக இல்லையென்றால் அவர்களே சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். பில்லை எடுத்துக்கொண்டு போங்கள், கேட்பதை எழுத்தில் கேளுங்கள். அதுவரை கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வையுங்கள். வாடை அடிக்கிற வண்டியைத் தூரம் ஓட்ட வேண்டாம்.

கே: புதுக் கேபிள் போட்டதாக பில் இருக்கிறது. பழையதைக் கேட்டால் "குப்பையில் போய்விட்டது" என்கிறார்கள்.
— பீட்டர்மரிட்ஸ்பர்க்

கழற்றிய பாகம் உங்களுடையது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவு சொல்கிறது. உண்மையிலேயே புதுசு போட்டிருந்தால் அந்தப் பாகத்துக்கும் பொருத்திய கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு (பிரிவு 57). அடுத்த தடவை வண்டியை விடும்போதே "பழசை எடுத்து வையுங்கள்" என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். எழுதிவிட்டாலே பாதிப் பேர் ஒழுங்காகிவிடுவார்கள்.

கே: டீலரிடம் பழைய கார் வாங்கி இரண்டு மாதம். ஹேண்ட்பிரேக் மேட்டில் பிடிக்கவே இல்லை. "ஃபுட்ஸ்டூட்ஸ்", அதாவது இருக்கிறபடியே வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டாய் என்கிறார். ஏமாந்துவிட்டேனா?
— ஃபீனிக்ஸ்

உன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் தம்பி, ஆனால் நீ இன்னும் ஏமாறவில்லை. வியாபாரமாகக் கார் விற்பவர் அந்த ஒரு சொல்லைக் காட்டித் தப்ப முடியாது. "இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் பழுது" என்று குறிப்பாகச் சொல்லி, நீயும் அதை ஒப்புக்கொண்டிருந்தால்தான் அவருக்கு வழி உண்டு. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால், வாங்கிய ஆறு மாதத்துக்குள் ரிப்பேர், மாற்று, பணம் மூன்றில் ஒன்றை நீ கேட்கலாம். எது என்று தேர்ந்தெடுப்பது நீ, அவர் இல்லை (பிரிவு 56). ரிப்பேர் செய்தும் மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால் அவர் வண்டியை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் தர வேண்டும்.

"ஷூ தேய்கிற சாமான்தானே" என்று வாதாடுவார். அதனால் முதலில் வேறொரு மெக்கானிக்கிடம் டிரம்மைத் திறந்து காட்டி, என்ன கோளாறு என்று எழுதி வாங்கு. உன் பெயருக்கு மாற்ற எடுத்த ரோட்வர்த்தி (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற) சான்றிதழின் தேதியையும் பார், அந்தச் சோதனையில் ஹேண்ட்பிரேக்கும் உண்டு. டீலருக்கு எழுதியும் மசியவில்லையென்றால் வாகனத் துறையின் குறைதீர்ப்பாளரான மோட்டார் இண்டஸ்ட்ரி ஓம்பட்ஸ்மனிடம் போ.

கே: என் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினேன். எனக்கும் இதே சட்டம்தானே?
— வெருலம்

இல்லை. அவர் கார் வியாபாரி இல்லை. ஃபுட்ஸ்டூட்ஸ் என்று விற்றிருந்தால், கோளாறு தெரிந்தே மறைத்தார் என்று காட்டினால் மட்டும் வழக்கு உண்டு. ஏற்றத்தில் நிறுத்தி லீவரை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கே: ஆட்டோமேட்டிக் கார். பி-யில் (பார்க்கிங்) போட்டாலே நிற்கிறது. ஹேண்ட்பிரேக்குக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?
— ரிசர்வாயர் ஹில்ஸ்

ஏனென்றால் பி-யில் மொத்த வண்டியையும் தாங்குவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல். அந்த மேட்டுத் தெருக்களில் குடியிருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்?

கே: என் கார் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக். ஆன்லைனில் பாதி விலைக்குப் பிரேக் பேட் வாங்கி, வீடியோ பார்த்து நானே மாட்டினேன். பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தினேன். இப்போது எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பிரேக் பிடிக்கவில்லை. பேட் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?
— டோங்காட்

பேட் என்ன பாவம் செய்தது? இந்த வகையில், பேடை அழுத்தும் காலிப்பரோடு ஒரு மோட்டார் இருக்கிறது. ஸ்கேனரால் சர்வீஸ் மோடில் போட்டு அதைப் பின்வாங்க வைத்த பிறகுதான் பிஸ்டனைத் தொட வேண்டும். நீங்கள் மோட்டாரோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். டீலரிடம்தான் போக வேண்டும் என்றில்லை, ஸ்கேனர் வைத்திருக்கும் தனி ஒர்க்‌ஷாப் போதும். மலிவு விலையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சந்தையில் பாதி விலைக்கு நான் வாங்கிய ஹேண்ட்பிரேக் கேபிள் இன்னும் கொட்டகையில் தொங்குகிறது. என் காருக்கு அது நீளம், வேறு எந்தக் காருக்கும் பொருந்துவதாகவும் தெரியவில்லை.

கே: மழையில் ஒரு வாரம் நிறுத்தியிருந்த பக்கி (பிக்கப் வண்டி) நகரவில்லை. ஹேண்ட்பிரேக் இறங்கிவிட்டது, ஆனால் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது.
— இசிபிங்கோ

ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டியிருக்கும், அல்லது கேபிள் உறைக்குள் இறுகியிருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், லைனிங் பெயர்ந்துவிடும். டிரம்மைத் தட்டி விடுவிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நாள் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் வேண்டாம்.

கே: பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். நிறுத்திய கார் உருண்டு இன்னொருவர் பம்பரை நசுக்கிவிட்டது. ஹேண்ட்பிரேக் பலவீனம் என்று எனக்கு முன்பே தெரியும். அதை இன்சூரன்ஸில் சொல்ல வேண்டுமா?
— பெயர் வேண்டாம்

சொல்ல வேண்டும். வண்டி ஓட்டத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு நிபந்தனை உண்டு, அதனால் கிளெய்ம் மறுக்கப்படலாம். பொய் எழுதினால் கிளெய்மோடு பாலிசியும் போகும். எப்படிப் பார்த்தாலும் அந்த பம்பருக்குப் பொறுப்பு நீங்கள்தான். அவரை இன்றே கூப்பிட்டுப் பேசுங்கள்.