எட்டுத் தீவுகள் ஒரே டாலரைப் பயன்படுத்துவது எப்படி? அதில் அவர்களுக்கு லாபமா, நஷ்டமா?

கேள்வி இதுதான்: சின்னச் சின்னத் தீவு நாடுகள் பல சேர்ந்து ஒரே பணத்தை வைத்திருக்கின்றனவாமே, அது எப்படி நடக்கிறது, அதனால் அவர்களுக்கு என்ன பயன்?

கிழக்குக் கரீபிய டாலரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அன்டிகுவாவில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். சம்பளம் வாங்கியதும் மீன் வாங்கியதும் அந்தப் பணத்தில்தான். என் பதில்: லாபம்தான், அதுவும் பெரிய லாபம். ஆனால் அதற்கு அந்தத் தீவுக்காரர்கள் கொடுக்கும் விலையும் சின்னதில்லை.

அன்டிகுவா பார்புடா, டொமினிகா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ் நெவிஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் கிரெனடைன்ஸ் ஆகிய ஆறு சுதந்திர நாடுகள், அவற்றோடு அங்குவில்லா, மான்ட்செராட் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள். இந்த எட்டு இடங்களிலும் ஒரே நோட்டு, ஒரே காசு. அங்கே பேச்சில் அதன் பெயர் 'ஈசி', ஈஸ்டர்ன் கரீபியன் என்பதன் சுருக்கம். டாக்ஸிக்காரர் "இருபது" என்று சொன்னால், "ஈசியா, யூஎஸ்ஸா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 ஈசி. நான் அங்கே போவதற்குப் பல வருடங்களுக்கு முன்பும் அதே 2.70, இன்றைக்கும் அதே 2.70.

இந்த எண் 1976 ஜூலையில் முடிவானது. அதற்கு முன்னால் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 4.80 என்று பவுண்டோடு கட்டியிருந்தார்கள். அதற்கும் முந்தைய கதை இன்னும் பெரியது. 1950களில் டிரினிடாட், பார்படோஸ், பிரிட்டிஷ் கயானா எல்லாமே சேர்ந்து ஒரே மேற்கிந்திய டாலரைத்தான் பயன்படுத்தின. பெரிய இடங்கள் ஒவ்வொன்றாகத் தனி நாணயம் அச்சடித்துக்கொண்டு விலகிப் போயின. 1965இல் கிழக்குக் கரீபிய டாலர் பிறந்தபோது கூடவே இருந்த பார்படோஸும் 1973இல் தனி டாலர் வெளியிட்டது. மிச்சம் நின்றவை தனியாக நிற்க முடியாத சின்னத் தீவுகள்.

பிரிந்து போனவர்களுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு அமெரிக்க டாலர் வாங்க ஜமைக்காவில் ஒரு ஜமைக்கா டாலர்கூட முழுதாக வேண்டியிருக்கவில்லை. இன்று 150க்கு மேல் வேண்டும். கயானாவில் 2.55 ஆக இருந்தது இன்று 200ஐத் தாண்டிவிட்டது. எண்ணெய் வளம் கொண்ட டிரினிடாடிலேயே 2.40 இருந்த இடத்தில் இப்போது கிட்டத்தட்ட 6.80. எண்ணெயும் இல்லாத, அலுமினியத் தாதுவான பாக்ஸைட்டும் இல்லாத, வாழைப்பழம் போன்ற விளைபொருளும் கடற்கரையும் மட்டுமே வைத்திருந்த இந்தத் தீவுகளின் பணமோ அசையாமல் நின்றது.

எப்படி நின்றது? என் பார்வையில், நோட்டு அடிக்கும் இயந்திரத்தில் எந்த ஒரு அரசாங்கமும் தனியாகக் கை வைக்க முடியாததுதான் காரணம். செயின்ட் கிட்ஸின் தலைநகர் பாஸ்டெரில் இருக்கும் கிழக்குக் கரீபிய மத்திய வங்கி, எட்டு அரசுகளுக்கும் பொதுவானது. அதன் நிதிக் குழுவில் அரசுக்கு ஒரு அமைச்சர். பெரிய தீவு, சின்னத் தீவு என்ற பேதம் கிடையாது. டாலருக்கான விகிதத்தை மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். தேர்தல் நெருங்குகிறது, கஜானா காலி, கொஞ்சம் அச்சடித்துக் கொடுங்கள் என்று ஒரு பிரதமர் கேட்டால் நடக்காது. அரசுகளுக்கு வங்கி கொடுக்கும் கடனுக்கு வரம்பு உண்டு. அப்புறம், புழக்கத்தில் இருக்கும் பணத்தில் 60 சதவீதத்துக்காவது வெளிநாட்டுச் செலாவணி கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வங்கி 90 சதவீதத்துக்கு மேலேயே வைத்திருக்கிறது.

இந்த வங்கி தொடங்கியது 1983 அக்டோபர் 1. அதே மாதம் 19ஆம் தேதி உறுப்பு நாடான கிரெனடாவில் புரட்சி அரசாங்கத்தின் பிரதமர் மாரிஸ் பிஷப் சுட்டுக் கொல்லப்பட்டார். 25ஆம் தேதி அமெரிக்கப் படை போய் இறங்கியது. புரட்சி அரசாங்கம் நான்கு வருடம் ஆண்டபோதும் கிரெனடா இந்த டாலரை விடவில்லை, அந்த அரசாங்கம் கவிழ்ந்த பிறகும் விடவில்லை. எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான்.

"நாணய மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி கூடுமே, அந்த வசதி இவர்களுக்கு இல்லையே?" என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்பார்கள். ஹோட்டல் கணக்கை வைத்தே சொல்கிறேன். அறை வாடகை ஏற்கெனவே அமெரிக்க டாலரில்தான் போடப்படுகிறது. சமையலறைக்கு வரும் கோழி, மாவு, ஜெனரேட்டருக்கு டீசல், குளியலறைக் குழாய் வரை எல்லாமே கப்பலில் வருகின்றன, அவற்றுக்கும் டாலரில்தான் பில். ஈசியின் மதிப்பைக் குறைத்தால் விருந்தாளிக்கு ஒரு சென்ட் மிச்சமாகாது. அறை சுத்தம் செய்யும் அம்மா வாங்கும் அரிசி விலைதான் ஏறும். சாப்பாட்டில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் ஊரில் மதிப்புக் குறைப்பு என்பது ஏழையின் சம்பளத்தை அவருக்குச் சொல்லாமலே வெட்டுவது.

சரி, விலை என்று சொன்னேனே, அது இங்கே வருகிறது. சொல்லாமல் வெட்ட முடியாது என்றால், சொல்லிவிட்டே வெட்ட வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஐரோப்பா இந்தத் தீவுகளின் வாழைப்பழத்துக்குக் கொடுத்துவந்த சலுகை உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பால் ஆட்டம் கண்டது. டொமினிகாவில் விவசாயிகள் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். 2002இல் அரசு பன்னாட்டு நாணய நிதியத்திடம் போய் நின்றது. கடைசியில் அரசு ஊழியர்களின் சம்பளத்தையே குறைத்தார்கள். செயின்ட் கிட்ஸும் கடன் தாங்க முடியாமல் 2012இல் கடன்காரர்களோடு பேசித் தொகையைக் குறைக்க வேண்டியிருந்தது. நாணயம் வளைந்து கொடுக்காத இடத்தில் மனிதர்கள்தான் வளைய வேண்டியிருக்கிறது, அல்லது கிளம்ப வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் லண்டனிலோ டொரன்டோவிலோ நியூயார்க்கிலோ ஒருவர் உண்டு.

ஆனால் புயல் வரும்போதுதான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். 2004இல் ஐவன் புயல் கிரெனடாவில் செய்த சேதம் நாட்டின் ஒரு வருட உற்பத்தியைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. 2017இல் டொமினிகாவை மரியா அடித்தபோது அதற்கும் மேல், 226 சதவீதம். தனி நாணயம் வைத்திருக்கும் குட்டி நாட்டில் இப்படி ஓர் அடி விழுந்தால் அடுத்த வாரமே பணத்தின் மதிப்பு சரிந்துவிடும். இங்கே வீட்டுக் கூரை பறந்தது, வங்கியில் போட்டிருந்த பணத்தின் மதிப்பு அப்படியே இருந்தது. எட்டுத் தீவுகளின் செலாவணியும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரே புயல் எட்டையும் அடிப்பதில்லை. மான்ட்செராட்டில் 1995இல் எரிமலை வெடிக்கத் தொடங்கி, தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்தது. மக்களில் பாதிக்கும் மேல் தீவை விட்டே போனார்கள். அன்டிகுவாவுக்கு வந்தவர்கள் பலர். கையில் இருந்த பணத்தை மாற்றும் கவலை மட்டும் அவர்களுக்கு இருக்கவில்லை.

எல்லாமே சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். 2021 மார்ச்சில் 'டிகேஷ்' என்று டிஜிட்டல் பணம் வெளியிட்டார்கள். பல நாடுகளுக்குப் பொதுவான மத்திய வங்கி ஒன்று அப்படிச் செய்தது உலகில் அதுவே முதல்முறை. 2022 ஜனவரியில் அது நின்றுபோனது. சுமார் இரண்டு மாதம் வேலை செய்யவில்லை. 2024 ஜனவரியில் அந்தச் சோதனையை முடித்துக்கொண்டார்கள். புயலில் மின்சாரம் போகும் ஊரில் காகிதப் பணம் ஒழியாது என்பது என் எண்ணம்.

நூறு ஈசி நோட்டில் சர் ஆர்தர் லூயிஸின் படம் இருக்கும். செயின்ட் லூசியாவில் பிறந்து 1979இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். ஒரு பொருளாதார அறிஞரை மிகப் பெரிய நோட்டில் போடும் இந்த மக்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். டொமினிகாவிலிருந்து செயின்ட் லூசியாவுக்குப் படகில் போனால் நடுவில் மார்டினிக் வரும். அது பிரான்ஸின் பகுதி, அங்கே யூரோதான். ஈசி புழங்கும் தீவுகளின் கடைகளில் அமெரிக்க டாலர் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் 2.70க்குக் கொஞ்சம் குறைத்துக் கணக்குப் போட்டு மீதியை ஈசியில் தருவார்கள். வெளியே வேறெங்கும் ஈசியை மாற்றுவது கஷ்டம், அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே செலவழித்துவிடுங்கள்.