துணி போர்த்துவதற்கு முன்பே பேசிவிடுங்கள்

வாசகர் கேள்விகளில் இந்த முறை சலூன், பார்லர் பற்றி வந்தவை மட்டும்.

இதுவரை எங்கள் தெருவில் இருக்கும் அக்காவின் பார்லரில்தான் முடி வெட்டியிருக்கிறேன். சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு தோழிகள் பெரிய யூனிசெக்ஸ் சலூனுக்குக் கூப்பிடுகிறார்கள். உள்ளே போனால் என்ன நடக்கும்? எதற்குத் தலையாட்டுவது என்றே தெரியவில்லை.
— வாசகி, கோவில்பட்டி

தலையாட்டாமல் இருந்தாலே பாதிப் பணம் மிச்சம். முதலில், எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எண்ணெய்த் தலையில் முடி எப்படி விழுகிறது என்பது வெட்டுபவருக்குத் தெரியாது, அப்புறம் ஷாம்பூ வாஷுக்குத் தனியாக பில் வரும். சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்து, போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். ஒரே கட்டிங்குக்கு வெட்டுபவர் ஜூனியரா, சீனியரா என்பதை வைத்து விலை மாறும். கலரிங், ஸ்மூத்தனிங் எல்லாம் முடியின் நீளத்தைப் பொறுத்தது, போர்டில் எழுதியிருப்பது ஆரம்ப விலைதான், எனவே "என் முடிக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், இதில் கூச்சமே வேண்டாம்.

"கொஞ்சமா வெட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குக் கொஞ்சம் என்றால் ஒரு இஞ்ச், அவருக்கு நான்கு. விரலை வைத்து "இதுக்கு மேல போகக் கூடாது" என்று காட்டுங்கள், போனில் ஒரு படமும் வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டை முடி ஈரத்தில் நீளமாகத் தெரியும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும், அதனால் நினைத்ததைவிடக் குறைவாகவே வெட்டச் சொல்லுங்கள்.

தலை அலசும்போது கழுத்தைப் பின்னால் சாய்த்து பேசின் விளிம்பில் வைப்பார்கள். அங்கே மடித்த டவல் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். கழுத்து அதிகமாக வளைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அழுந்தி பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் 1993-லேயே அமெரிக்க மருத்துவர் ஒருவர் இதை 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்' என்று பெயரிட்டு எழுதியிருக்கிறார். வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே எழுந்துவிடுங்கள்.

அந்த பேசினில் படுத்திருக்கும்போதுதான் "மேடம், முடி ரொம்ப டேமேஜா இருக்கே, டான்ட்ரஃப் வேற" என்று ஆரம்பிக்கும். தலை அலசிவிடும் பெண்ணுக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்று மாத டார்கெட் இருக்கும், அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. "இன்னிக்கு கட்டிங் மட்டும் போதும்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், தேவைப்பட்டால் மூன்று தடவை. அவர் செய்யச் சொல்லும் ஹேர் ஸ்பா என்பது க்ரீம், மசாஜ், நீராவி, அவ்வளவுதான். சுகமாக இருக்கும், சில வாஷ் வரைக்கும் முடி மிருதுவாக இருக்கும், முடி கொட்டுவதை அது நிறுத்தாது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு.

மகளுக்குத் தையில் கல்யாணம். கெரட்டின், ஸ்மூத்தனிங் இரண்டில் எது செய்யலாம் என்று கேட்டால் பார்லரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— வாசகி, தஞ்சாவூர்

இரண்டும் வேறு வேறு வேலை. ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் எல்லாம் முடிக்குள் இருக்கும் பிணைப்பை மருந்தால் உடைத்து, அயர்ன் போட்டு நேராக்கி, மறுபடி பூட்டுவது. செய்த முடி நேராகவே இருக்கும், ஆனால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வேரிலிருந்து பழைய சுருட்டையாகவே வளரும், ஆறு மாதத்தில் உச்சியில் ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. கெரட்டின் என்பது முடிமேல் ஒரு பூச்சு மாதிரி, சில மாதங்களில் போய்விடும்.

கெரட்டினில் என்ன சிக்கல் என்றால், பல க்ரீம்களில் ஃபார்மால்டிஹைடு அல்லது அதை வெளிவிடும் பொருள் இருக்கிறது. 200 டிகிரிக்கு மேல் சூடான அயர்னை அதன்மேல் இழுக்கும்போது கண் எரிகிறதே, மூக்கு கரிக்கிறதே, அந்தப் புகைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருப்பது இந்த ஃபார்மால்டிஹைடைத்தான். மகளைவிட, தினமும் அதைச் சுவாசிக்கிற பார்லர் பெண்களை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 'ஃபார்மலின் இல்லை' (ஃபார்மலின் என்பது தண்ணீரில் கரைத்த ஃபார்மால்டிஹைடுதான்) என்று விற்பவற்றில் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் வருகிறது. அதைப் போட்ட ஒவ்வொரு முறையும் ஒரு 26 வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழ் வெளியிட்டது. டப்பாவை வாங்கி, பின்பக்கம் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டுமே வேண்டாம். வழுவழுவென்று நேராக்கிய முடியில் சவுரி நிற்காது, ஹேர்பின் நழுவும், ஜடை அலங்காரமும் அவ்வளவு மல்லிகைச் சரமும் முகூர்த்தத்துக்குள் கீழே இறங்கிவிடும். அலங்காரம் செய்பவரிடமே கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் சொரசொரப்பான முடிதான் அவருக்குப் பிடிக்கும்.

பத்து வருடமாக ஹென்னா போடுகிறேன். இப்போது சில இழைகளுக்கு மட்டும் பர்கண்டி கலரில் ஹைலைட்ஸ் செய்ய ஆசை. செய்யலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

எந்த ஹென்னா என்பதைப் பொறுத்தது. வெறும் மருதாணி இலைப் பொடி முடியைச் செம்மஞ்சளாகத்தான் ஆக்கும். பாக்கெட்டில் 'கருப்பு மெஹந்தி' என்று வருவதில் பெரும்பாலும் பிபிடி என்ற டை ரசாயனம் கலந்திருக்கும், சிலவற்றில் உலோக உப்பும் உண்டு. ஹைலைட்ஸுக்கு ப்ளீச் போடும்போது அந்த உப்பு வினைபுரிந்து முடி சூடாகி, கையோடு உடைந்து வரலாம். ஆகவே ஹென்னா விஷயத்தை மறைக்காமல் சொல்லி, பின்கழுத்துப் பக்கம் ஒரு சின்ன இழையில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கலரைக் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, அலர்ஜி வருகிறதா என்று 48 மணி நேரம் பார்ப்பதும் அவசியம். 'அமோனியா இல்லாதது' என்றால் அலர்ஜி வராது என்று அர்த்தமில்லை, அலர்ஜி உண்டாக்கக்கூடிய பிபிடி அதிலும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க நேரமில்லை என்று சொல்லும் சலூனுக்கு உங்கள் தலையைக் கொடுக்க வேண்டாம்.

சலூனில் ஷேவிங் முடிந்ததும் கடைக்கார அண்ணன் என் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'மளுக்'கென்று நெட்டி எடுக்கிறார். சுகமாகத்தான் இருக்கிறது. மனைவி திட்டுகிறாள்.
— வாசகர், மதுரை

மனைவி சொல்வதுதான் சரி. 2024-ல் கர்நாடகாவின் பல்லாரியைச் சேர்ந்த ஒரு இளைஞருக்கு இப்படி நெட்டி எடுத்த பிறகு பக்கவாதம் வந்தது செய்தியானது. "கழுத்துல கை வேணாம்ணே" என்று ஷேவிங் ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள், முகத்தில் நுரையோடு படுத்திருக்கும்போது யாருக்கும் வாய் வராது.

அதைவிட ப்ளேடைப் பாருங்கள். புது ப்ளேடைக் காகிதத்தோடு சேர்த்து இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் மாட்டுவது உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். ரத்தத்தின் மூலம் பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். எல்லோர் கன்னத்திலும் தேய்த்துத் தேய்த்துப் பாதியாகிப் போன அந்தப் படிகாரக் கட்டி இருக்கிறதே, அது வேண்டாம் என்று சொல்லிவிடலாம், இல்லை வீட்டிலிருந்தே ஒரு துண்டு கொண்டு போகலாம், பத்து ரூபாய்ச் சமாச்சாரம்.

பார்லர் பில்லில் ஜிஎஸ்டி 18 சதவீதம் போட்டிருந்தார்கள். சரிதானா? டிப்ஸ் கட்டாயமா?
— வாசகி, வேலூர்

2025 செப்டம்பர் 22-லிருந்து சலூன், பார்லர் சேவைக்கு 5 சதவீதம்தான். அதற்குப் பிறகு வந்த பில் என்றால் திருத்திக் கேளுங்கள், பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், பதிவு செய்யாத சின்னக் கடை வரி வாங்கவே கூடாது. டிப்ஸ் கட்டாயமில்லை. கொடுப்பதாக இருந்தால் கவுன்ட்டரில் கொடுக்காமல் கையில் கொடுங்கள், தலை அலசிவிட்ட பெண்ணுக்கும் சேர்த்து.