ஓமன் மலைகளின் மரமும் விலங்கும்: கேள்வி பதில்

அண்ணா, நிஸ்வாவில் இருந்து ஜபல் அக்தர் போய்வந்தோம். வழியெங்கும் மொட்டைப் பாறைதான். அங்கே காட்டு விலங்கு ஏதாவது உண்டா?

உண்டு தம்பி. அரேபிய வரையாடு என்றொரு விலங்கு, நீங்கள் போன ஜபல் அக்தரும் அடங்கிய ஹஜர் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஓமனிலும் பக்கத்து எமிரேட்ஸிலும் மட்டும்தான். செம்பழுப்பு நிறம், கிடாவுக்கு முதுகு நெடுக நீண்ட மயிர். செங்குத்துச் சரிவில் அசையாமல் நிற்கும்போது பாறையில் இருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அடுத்த முறை பைனாகுலர் எடுத்துப் போங்கள், வடக்குப் பார்த்த சரிவுகளைப் பாருங்கள். அங்கே வெயில் கொஞ்சம் தணிவு, செடிகொடியும் கூடுதல்.

கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது தண்ணீர் குடித்தாக வேண்டும். ஒரு சுனை வற்றினால் சுற்றியிருக்கும் சரிவுகளில் அதனால் தங்க முடியாது. அந்தச் சுனைக்கும் புல்லுக்கும் வளர்ப்பு ஆடுகளும் போட்டிக்கு வருகின்றன. வேட்டையைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

மேலே 2,000 மீட்டரைத் தாண்டினால் ஜூனிப்பர் மரங்களும் உண்டு. உயரத்தில் இருப்பவை தெம்பாக நிற்கின்றன. கீழே இருப்பவற்றில் நிறைய மரங்கள் நுனியில் இருந்து காய்ந்து வருகின்றன.

அப்படியானால் நம் நீலகிரி வரையாட்டுக்கு அந்த அரேபிய வரையாடு சொந்தமா?

வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். நீலகிரி, இமயமலை, அரேபியா என மூன்றையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பிறகு மூன்றும் பிரிந்துவிட்டன. நம்முடையது செம்மறிக்கு நெருக்கம், இமயமலையில் இருப்பது வெள்ளாட்டுக்கு நெருக்கம், ஓமனில் இருப்பது வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டுக்கு நெருக்கம். ஆனாலும் இந்தியத் தொடர்பு ஒன்று இருக்கிறது. மஸ்கட்டில் மருத்துவராக இருந்த ஆத்மாராம் ஜெயகர் என்ற இந்தியரின் பெயரைத்தான் 1894இல் அதன் அறிவியல் பெயரில் சேர்த்தார்கள்.

சார், கம்பெனி வளாகத்தில் நிழலுக்கு மரம் வைக்க வேண்டும். சீமைக்கருவேலம் சீக்கிரம் வளர்கிறதே, அதையே வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ராமநாதபுரத்தில் அது என்ன செய்ததோ அதையேதான் ஓமனிலும் செய்துகொண்டிருக்கிறது. இந்த மண்ணின் மரம் காஃப். நம் ஊர் வன்னி மரமேதான். வேரை மிக ஆழத்துக்கு இறக்கித் தண்ணீர் தேடிக்கொள்ளும்.

நர்சரியில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் இலை கிளம்பும் கணுவில் நீளமான முள் ஜோடியாக இருக்கும். காஃபில் சின்ன முட்கள் கணுக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். காயும் வேறு: காஃபில் மெலிந்து தொங்கும், மற்றதில் தடித்து மஞ்சளாக இருக்கும். ஆணிவேர் பையில் சுருண்டுகொள்ளும் முன்பே, கன்று சிறிதாக இருக்கும்போதே நட்டுவிடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுங்கள்.

தெற்கு ஓமனில், சலாலா மழையில் மலையே பச்சையாகிறது. நறுமணப் பிசின் தரும் லுபான் மரம் மட்டும் ஏன் அந்தப் பக்கம் இல்லை?

அதற்கு அந்த ஈரம் ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலைப் பார்த்த சரிவில் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். லுபான் மலைக்குப் பின்பக்கம், மழை எட்டாத வறண்ட ஓடைகளில் நிற்கிறது. வாதி தவ்காவில் போய்ப் பாருங்கள், 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பட்டையை லேசாகச் சீவினால் பிசின் பால்போல் கசிந்து, இரண்டு வாரத்தில் இறுகிவிடும். முதல் சீவலில் வருவது மட்டம், அடுத்தடுத்து வருவதுதான் நல்ல சரக்கு. அளவுக்கு மீறிச் சீவினால் மரம் நலிந்துபோகும். இளங்கன்றுகளை ஒட்டகம் மேய்ந்துவிடுவதால் புது மரங்கள் வருவதும் குறைவு. வேடிக்கைக்காகக் கத்தியால் கீறிப் பார்க்காதீர்கள்.

அண்ணா, வார இறுதியில் ஓடைப் பக்கம் கூடாரம் போடலாமா? பாம்பு வருமா?

போடலாம், ஆனால் ஓடைப் படுகையில் வேண்டாம். மலையில் எங்கோ பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். குட்டையை ஒட்டியும் போடாதீர்கள். இரவில் தண்ணீருக்கு வரும் விலங்குகள் உங்கள் விளக்கைக் கண்டு திரும்பிவிடும். தேரையைத் தேடிச் சுருட்டை விரியனும் அங்கேதான் வரும். அது சுருண்டு செதிலை உரசினால் சரசரவென்று சத்தம் கேட்கும், அப்படியே பின்வாங்குங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், கல்லிடுக்கில் கை விடாதீர்கள்.