புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். முகாமைத்துவம் படித்தவன். கடன் கொடுப்பதும் நான், தவணை பிந்தினால் வீடு தேடிப் போவதும் நான். மாதக் கடைசியில் நித்திரை இல்லை. கூட்டங்களில் சிங்களத்தில் கதைப்பார்கள், பாதிதான் விளங்கும். அம்மா அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். நண்பர்கள் கனடாவுக்கு வா என்கிறார்கள். கம்பஸ் காலத்தில் கவிதை எழுதினேன், இப்போது ஒரு பக்கம் வாசிக்கவும் மனம் ஓடுவதில்லை. நீங்கள் எப்போதும் கடன் பட்டவர்கள் பக்கம் நின்றே எழுதுகிறீர்கள். எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. வருகிறவர்களுக்கு வட்டி, ஒப்பந்தம் எதுவும் விளங்காது. மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும்தான் கேட்பார்கள். இப்படியொரு வேலையில் இருந்துகொண்டு எழுத முடியுமா? இல்லை, விட்டுவிடவா?

க., மானிப்பாய்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு கடன் விஷயம் என் மனதைப் போட்டு அலைத்துக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு கெதியில் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சிங்களம் படியுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, நாளைக்கே தொடங்கலாம். கனடா உங்கள் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம். அரசாங்க வேலை என்றால், கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது. உங்கள் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிள்ளை வளர்த்தவர்களுக்கு பென்சன் என்ற சொல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, உங்கள் சம்பளத்தில் 8 வீதம், நிறுவனம் போடுவது 12 வீதம் என்று அவருக்கு ஒருமுறை உட்கார்ந்து விளங்கப்படுத்துங்கள்.

உங்கள் பக்கம் எனக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். என் அக்காவின் மகன் உங்களைப் போலத்தான் இப்படி ஒரு கிளையில் இருந்தான். மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு வருவான். கழுத்துப்பட்டியைக் கழற்றாமலே சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். எந்தக் கிளை எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு அறவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் வந்துகொண்டே இருக்கும். தனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியாரின் வீட்டுக்கே தவணை கேட்டுப் போக வேண்டி வந்த அன்று அவன் சாப்பிடவில்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று 1954இலேயே எழுதி வைத்துவிட்டது. அதை வாசித்துப் பார்த்தீர்களா? வாசியுங்கள். களைப்பு உங்கள் குணத்தில் உள்ள குறை என்று நினைத்து வருந்த வேண்டியதில்லை.

சரி, இனி உங்களோடு எனக்குள்ள கோபத்துக்கு வருகிறேன். "எதுவும் விளங்காது" என்று எப்படி எழுதினீர்கள் தம்பி?

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா, தையல் மெஷின் வாங்கக் கடன் எடுத்தார். கடன் கொடுக்க வந்த பொடியன் பக்கத்து ஊர்க்காரன், நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தான். நான் அந்த விறாந்தையில் இருந்தேன். தாள்களில் கையெழுத்து வைக்க வேண்டிய இடமெல்லாம் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளடி போட்டுக் கொண்டுவந்திருந்தான். பெருவிரலால் பக்கத்தை ஒதுக்குவான், புள்ளடியைக் காட்டுவான், அம்மா கையெழுத்து வைப்பார், அடுத்த பக்கம். நடுவில் அவர் கையை எடுத்துவிட்டு, "இதில என்ன தம்பி எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார். "அது எல்லாருக்கும் உள்ளதுதான் அம்மா" என்றான். அவர் திரும்பவும் பேனையைப் பிடித்தார்.

கேட்டார் தம்பி. என் காதால் கேட்டேன். அதன் பிறகு அவர் மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் பதில் கிடைத்தது.

அந்தக் கணக்கைப் பாருங்கள். இலட்சம் ரூபா, இரண்டு வருடம், நூற்றுக்கு 24 வட்டி என்றான். வருடத்துக்கு 24,000 ரூபா, இரண்டு வருடத்துக்கு 48,000. எல்லாம் சேர்த்து 1,48,000, அதை 24 ஆல் பிரித்தால் மாதம் 6,167. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இலட்சம் இரண்டு வருடமும் அவர் கையில் இருக்கிறதா? ஒவ்வொரு தவணையிலும் முதலில் 4,167 திரும்பிப் போகிறது. ஒரு வருடம் முடியும்போது மிச்சம் 50,000 தான். வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் மாதா மாதம் அதே 2,000. கடைசி மாதம் அவரிடம் மிச்சம் இருப்பது 4,167 ரூபா, அதற்கும் 2,000 ரூபா வட்டி! கையில் மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் அது வருடத்துக்கு ஏறத்தாழ 41 வீதம். முகாமைத்துவம் படித்த உங்களுக்கு இது தெரியாமல் இல்லை. தையல் அளவெடுத்து அரை அங்குலம் பிசகாமல் வெட்டுகிற அந்த அம்மாவுக்கும் இது விளங்கும். நான் ஒரு கொப்பித் தாளில் எழுதிக் காட்டினேன், அவருக்கு விளங்கியது. ஆனால் அதற்குள் கையெழுத்துப் போய்விட்டது.

2009இல் யுத்தம் முடிந்து, கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வருகிற ஏ9 வீதி திறந்ததும் யாழ்ப்பாண நகரத்து ஸ்ரான்லி வீதியில் நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கணவனை இழந்த, கையில் நகையும் இல்லாத பெண்களுக்கு அவர்களில் சிலர் வாசலில் வந்து கடன் கொடுத்தார்கள். அது எங்கே போய் முடிந்தது? வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்த வருடம் வந்துபோன ஐ.நா. நிபுணரும் இதைப் பற்றிக் கடுமையாகச் சொன்னார். இதையெல்லாம் கொழும்பில் இருந்து யாரும் வந்து தனியாகச் செய்துவிடவில்லை. நிறுவனம் உங்களை எடுத்தது உங்கள் பட்டத்துக்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் மானிப்பாய்ப் பொடியன். இன்னாரின் மகன். நீங்கள் படலையில் நின்றால் உள்ளே வா தம்பி என்பார்கள், தேத்தண்ணி தருவார்கள், புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைப்பார்கள். தவணை பிந்தினால் அதே ஒழுங்கையில் உங்கள் மோட்டார் சைக்கிள் நிற்பதே அவர்களுக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் தோட்டை அடகு வைத்தாவது கட்டுகிறார்கள். மாதக் கடைசியில் உங்கள் நித்திரையைக் கெடுப்பது ரார்கெட் மட்டும் இல்லை, இதுவும்தான் என்று எனக்குப் படுகிறது.

என் பெரியம்மா சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் பொருளாளராக இருந்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மாதக் கூட்டத்தில் கணக்குக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக, எடுத்தது, கட்டியது, வட்டி, மிச்சம் என்று உரத்து வாசிப்பார். யாராவது "விளங்கேல்லை" என்றால் திரும்ப முதலில் இருந்து. சிறுவயதில் எனக்கு அது பெரிய அலுப்பு, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருக்கும். ஒருநாள் ஒரு கிழவி மூன்றாம் தரமும் கேட்டார். பெரியம்மா முகம் சுளிக்காமல் மூன்றாம் தரமும் வாசித்தார். பக்கத்தில் இருந்த பெண் சலித்துக்கொண்டபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "அவவின்ர காசு, அவ கேட்பா" என்றார்.

வேலையை விடச் சொல்ல மாட்டேன். நீங்கள் போனால் அந்தக் கதிரையில் இன்னொருவர் வந்து இருப்பார், அவர் உங்கள் அளவுக்குக் கூட மனம் நொந்து கடிதம் எழுத மாட்டார். இருங்கள். ஆனால் அடுத்த கடனுக்குப் போகும்போது பென்சிலை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லுங்கள், 24 என்றால் அது உண்மையில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அரை மணித்தியாலம் கூடப் போகும், அந்த மாதம் இரண்டு கடன் குறையவும் கூடும், மேலாளர் ஏசுவார். ஏசட்டும். மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. அதை எடுத்து வாசித்துவிட்டு அவரோடு கதையுங்கள்.

எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கவிதைகளை அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதோடு இன்னொன்றும் எழுதுங்கள். உங்கள் கிளையில் ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது? கையெழுத்து வைத்தவர் வீட்டுக்குப் போகும்போது அதில் ஒரு பிரதி அவர் கையில் இருக்கிறதா?