கேட்டு வாங்குங்கள்: வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப் வாங்குவோர் கேள்விகள்

கே: டர்பனில் ஒருவரிடம் மார்ஷல் நிறுவனத்தின் ஜேடிஎம்45 ஆம்ப் மாதிரியில் ஒன்று கட்டித் தரச் சொல்லி முழுப் பணமும் கொடுத்தேன். மூன்றாம் மாதமே, ஸ்பீக்கருக்குச் சிக்னல் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. 'ஆர்டருக்குச் செய்த பொருள், திரும்ப எடுக்க மாட்டேன்' என்கிறார்.
- சாட்ஸ்வொர்த்

ப: அவர் பாதியை மட்டும் சொல்கிறார். ஆர்டருக்குச் செய்த பொருளை மனம் மாறித் திருப்ப முடியாது. பழுது வேறு கதை. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றுப் பொருளா, பணமா என்று முடிவு செய்வது நீங்கள்தான், அவர் அல்ல. எழுத்தில் கேளுங்கள். ஒன்று மட்டும் யோசியுங்கள்: ஸ்பீக்கரைச் செருகாமல் ஆம்பை முடுக்கினீர்களா? டிரான்ஸ்ஃபார்மர் கருக அதுவே போதும். அவர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

கே: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பை இங்கே அப்படியே செருகலாமா?
- டொங்காட்

ப: கூடாது. இங்கே 230 வோல்ட்.

கே: 'அசல் பழைய முல்லார்ட்' இஎல்34 வால்வு நான்கு, அட்டைப்பெட்டியோடு மலிவாக வருகிறது. வாங்கிவிடவா?
- லெனேசியா

ப: எந்த ஆம்புக்கு என்று எழுதவே இல்லையே! வாக்ஸ் ஏசி30 ஆம்ப் என்றால் அதற்கு வேண்டியது இஎல்84 வால்வு. இஎல்34 அதன் சாக்கெட்டில் ஏறவே ஏறாது.

சரி, பொருத்தமான ஆம்ப்தான் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த முல்லார்ட் ஆலையில் வால்வு செய்வதை நிறுத்திப் பல பத்தாண்டு ஆகிறது. இன்று அதே பெயரில் ரஷ்யாவில் செய்த புது வால்வும் கடைக்கு வருகிறது. புதிது என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. ஏதோ ஒரு வால்வின் எழுத்தை அழித்து, மேலே பெரிய பெயரை அச்சடித்து, ஐந்து மடங்கு விலை சொல்கிறார்களே, அவர்கள் மேல்தான். அச்சு யார் வேண்டுமானாலும் போடலாம். நீங்கள் பார்க்க வேண்டியது கண்ணாடியில் அடிப்பக்கமாகப் பொறித்த இரண்டு வரிக் குறியீட்டை. பிளாக்பர்ன் இஎல்34 என்றால் மேல் வரியில் 'எக்ஸ்எஃப்2' போல ஒன்று இருக்கும், கீழ் வரி 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். அதைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் மழுப்பினால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். என் மேசையில் ஒரு ஜோடி கிடக்கிறது: பெயர் பளபளக்கிறது, குறியீடு மருந்துக்கும் இல்லை. விற்றவர் இப்போது போனையே எடுப்பதில்லை.

கே: தெரியாத ஒருவர் வீட்டில் வைத்திருந்த பழைய ஆம்பை, வாசித்துப் பார்க்காமலே வாங்கிவிட்டேன். இரைச்சல் தாங்கவில்லை. சட்டம் உதவுமா?
- ஃபீனிக்ஸ்

ப: வியாபாரி அல்லாத ஒருவர் வீட்டுப் பொருளை விற்றால் மேலே சொன்ன ஆறு மாதம் கிடையாது. கிட்டாரைக் கையோடு கொண்டுபோக என்ன கஷ்டம்? இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துபோனதுதான். மாற்றினால் தேறிவிடும்.

கே: அந்தக் கெபாசிட்டரை நானே மாற்றலாமா?
- வெருலம்

ப: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் சுழி காட்டிய பிறகுதான் கை வைக்கலாம். மீட்டர் இல்லையா? மூடியையே திறக்காதீர்கள்.