குப்பை வண்டிக்கும் சார்ஜ் பாயிண்டுக்கும் நகராட்சியிடம் என்ன கேட்பது? – கேள்வி பதில்

நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மின்சார வண்டி சார்ஜிங், வீட்டுக் குப்பை இந்த இரண்டைப் பற்றியும் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் வந்தன. இரண்டும் வேறு வேறு துறை என்று பலர் எழுதியிருந்தார்கள். என் அனுபவத்தில் இரண்டுக்கும் ஒரே தேவைதான்: எந்த இடம், எத்தனை மணி. இதை நகர்மன்றத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாத ஊரில் புது வண்டி வாங்கினாலும் தெரு மாறாது.

குமாரசாமிப்பேட்டையில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம் சார். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினோம். கீழே சார்ஜ் போட வீட்டுக்காரர் விடவில்லை. ஜன்னல் வழியாக ஒயர் இறக்கிப் போடலாமா?

வேண்டாம் தம்பி. மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். ஸ்கூட்டர் சார்ஜர் மணிக்கணக்கில் விடாமல் கரண்ட் இழுக்கும். மெல்லிய ஒயரும் தளர்ந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதைத் தாங்காது, சூடேறி உருகும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்காரர் பயப்படுவது பெரும்பாலும் பில்லுக்குத்தான். கணக்கைக் காட்டிப் பேசுங்கள். 3 யூனிட் பிடிக்கும் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப, வழியில் வீணாவதையும் சேர்த்து மூன்றரை யூனிட் என்று வையுங்கள். தினம் பாதி பேட்டரி ஓட்டினால் இரண்டு மாத பில்லுக்கு 105 யூனிட் ஏறும். நம் வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு ஒரு பகுதி யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப் படியில் உள்ள யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். அவர் மீட்டர் ஏற்கெனவே 450-இல் ஓடுகிறது என்றால் அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால் அதிலிருந்தே கீழே லைன் இறக்குங்கள். நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயரை பைப்புக்குள் போடச் சொல்லுங்கள். 16 ஆம்ப் சாக்கெட், அதற்கென்று கரண்ட் அளவு மீறினால் அணையும் தனி எம்சிபி, ஷாக் அடித்தால் உடனே அணையும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் இவ்வளவும் இருக்க வேண்டும். தனி மீட்டர் இல்லையென்றால் ஒரு சப் மீட்டர் வைத்து, ஓடிய யூனிட்டுக்குப் பணம் கொடுத்துவிடலாம். வீட்டு இணைப்பில் சொந்த வண்டிக்குச் சார்ஜ் போட மத்திய மின்துறையின் வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

பைபாஸ் ஓட்டல்களில் கார் சார்ஜர் பார்க்கிறேன். கிருஷ்ணகிரி ஊருக்குள் ஸ்கூட்டர்காரனுக்கு யார் வைப்பார்கள்? லைசென்ஸ் வேண்டுமா?

லைசென்ஸ் வேண்டாம். மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பைபாஸில் இருப்பவை சேலம், பெங்களூரு, சென்னை என்று போகிற கார்களுக்கானவை. அங்கே தொழில் நடக்கும், தனியார் தானாக வருவார்கள். ஊருக்குள் அப்படி வரமாட்டார்கள், நகராட்சிதான் வழி செய்ய வேண்டும். ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏத்தரும், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவும் வண்டி செய்கிற மாவட்டம் இது. இங்கே இருப்பவர்கள் ஒரு பிளக்குக்கு அலைவது எனக்கு மனக்கஷ்டமாக இருக்கிறது.

வேகமாக ஏற்றும் மெஷின்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அந்த மெஷின்களின் பிளக் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஏத்தர் வடிவமைத்த கனெக்டரை 2023-இல் இந்தியத் தரமாக ஏற்றார்கள், ஆனாலும் எல்லா வண்டியும் அதற்கு மாறிவிடவில்லை. சாதாரண 16 ஆம்ப் சாக்கெட் என்றால், கையோடு சார்ஜர் கொண்டுபோகிற யாரும் போட்டுக்கொள்ளலாம். அதை எங்கே வைப்பது? வண்டி நாலைந்து மணி நேரம் சும்மா நிற்கிற இடத்தில். பஸ் ஸ்டாண்ட் டூ வீலர் ஸ்டாண்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காலையில் வண்டியை விட்டு ஓசூர் பஸ் ஏறுகிறவர் சாயந்திரம்தான் வருகிறார்.

ஸ்டாண்டை நகராட்சி ஏலம் விடுகிறதல்லவா? பிடி அங்கேதான். ஏல நிபந்தனையில் ‘எடுப்பவர் பத்து சாக்கெட் மீட்டருடன் வைக்க வேண்டும், யூனிட்டுக்கு இன்ன விலைக்கு மேல் வாங்கக் கூடாது’ என்று இரண்டு வரி சேர்த்தால், நகராட்சிக்குப் பெரிய செலவில்லாமல் வேலை முடியும். ஏலம் முடிந்த பிறகு கேட்டால் எடுத்தவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் அடுத்த ஏல அறிவிப்புக்கு முன்பே உங்கள் கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள், வார்டு மக்கள் கூடும் பகுதி சபாவிலும் பேசுங்கள்.

பச்சை பக்கெட், நீல பக்கெட் என்று பிரித்துத்தான் கொடுக்கிறேன். வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். பிறகு எதற்கு நான் பிரிக்க வேண்டும்? (தர்மபுரி, ஓய்வு பெற்ற ஆசிரியை)

அம்மா, இதே கேள்வியைப் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கோபம் சரியானது.

முதலில் வண்டிக்குள் எட்டிப் பாருங்கள். நடுவில் தடுப்பு இருக்கிறதா? இல்லையென்றால் வண்டியைத் தள்ளி வருகிறவர் மேல் தப்பே இல்லை. போட்டோ எடுத்துச் சுகாதார ஆய்வாளருக்கு அனுப்புங்கள். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் வீட்டில் பிரிக்கச் சொன்னதோடு, பிரித்ததைத் தனித்தனியாகக் கொண்டுபோகும் பொறுப்பை உள்ளாட்சி மேல் வைத்தன. சொத்து வரியோடு குப்பைக்கும் கட்டணம் கட்டுகிறீர்கள், கேட்க உரிமை இருக்கிறது.

தடுப்பு இருந்தும் கலந்தால், தெருவில் பாதி வீடு கலந்து கொடுக்கிறது என்று அர்த்தம். நுண்ணுரமாக்கும் மையத்தில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். சாம்பார் சாதத்துக்குள் உடைந்த டம்ளர் துண்டு, கறிவேப்பிலைக்குள் சுருட்டிய டயப்பர். ஒரு அம்மா ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் துழாவிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். உறை போட்டால் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லையாம். அதனால் நீங்கள் பிரிப்பதை நிறுத்தாதீர்கள். பக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகாமல், கையில் கொடுத்து ‘இது மக்கும், இது மக்காதது’ என்று சொல்லுங்கள். ஒரு வாரம் சொன்னால் அவரே உங்கள் வீட்டுக்குத் தனிக் கோணி வைத்துக்கொள்வார். நாப்கின், டயப்பரை மட்டும் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.

வண்டி 10 மணிக்கு வருகிறது, நாங்கள் 8 மணிக்கே வேலைக்குப் போகிறோம். பக்கத்துக் காலி மனையில் போட்டுவிடுகிறோம். உறுத்துகிறது.

உறுத்துவது நல்லது. காய்ந்த குப்பை தினம் போக வேண்டியதில்லை. ஒரு கோணியில் சேர்த்து லீவு நாளில் கொடுங்கள். ஈரக் குப்பைக்கு ஓட்டை போட்ட மண்பானை அல்லது பழைய பக்கெட் போதும். காய்கறித் தோல் ஒரு அடுக்கு, காய்ந்த இலை ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் மண். இரண்டு மாதத்தில் உரம். அப்புறம், தெருவில் இருபது வீடு கையெழுத்துப் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டி உங்கள் முனையிலிருந்து தொடங்கட்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். பைசா செலவில்லாத மாற்றம் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பழைய பவர் பேங்க், உப்பிப்போன செல்போன் பேட்டரி, ஓடாத இ-பைக் பேட்டரி இதெல்லாம் குப்பை வண்டியில் போடலாமா?

கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகும் திரும்பப் பற்றும். குப்பை மேட்டில் பற்றினால் புகை ஊரையே மூடும். முனைகளில் டேப் ஒட்டி, வெயில் படாமல், மணல் போட்ட டப்பாவில் வையுங்கள். வண்டி பேட்டரியை வாங்கிய ஷோரூமிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிப்படி திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. நகராட்சி செய்ய வேண்டியது வார்டு அலுவலகத்தில் ஒரு இரும்புப் பெட்டி, மாதம் ஒரு நாள் வசூல். அவ்வளவுதான்.

நாங்கள் அரூர் பக்கம் கிராமம். ஊராட்சியில் எங்கே கேட்பது?

கிராம சபையில். வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் அம்மா தூய்மைப் பணியாளர். பேட்டரி வண்டி மேட்டில் நின்றுவிடுகிறது, இறங்கித் தள்ளுகிறார். கேட்டால் ஓவராக ஏற்றாதே என்கிறார்கள். என்ன செய்வது அண்ணா?

தங்கச்சி, இதற்காகத்தான் இந்தக் கேள்வி பதிலுக்கே ஒத்துக்கொண்டேன். ஈரக் குப்பை கனம்தான், ஆனால் காரணம் வேறு இடத்தில் இருக்கலாம்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் இதே புகார் வந்தது. ஒருநாள் காலை ஐந்தரைக்கு ஷெட்டுக்குப் போனேன். வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, சுவரில் ஒரே ஒரு போர்டு. அதிலிருந்து கிளை கிளையாக ஒயர், ஒவ்வொரு ஒட்டிலும் கறுப்பு டேப். ஒரு பிளக்கைத் தொட்டேன், விரலை வைக்க முடியவில்லை. சாக்கெட் காபிக் கறை மாதிரி பழுத்திருந்தது. முதலில் வந்தவர் வண்டி ராத்திரி முழுக்க ஏறியது, கடைசியில் வந்தவருக்கு இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. அந்த வண்டிகள்தான் மேட்டில் நின்றன. வண்டி வாங்க எஸ்டிமேட் போட்ட நாங்கள், சார்ஜ் ஷெட்டுக்குப் போடவில்லை. எங்கள் தப்பு, தள்ளியது அந்தப் பெண்கள்.

அம்மாவிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். பதினைந்து நாள் எழுதட்டும்: எத்தனை மணிக்குப் பிளக் போட்டது, எத்தனை மணிக்கு எடுத்தது, எந்தத் தெருவில் நின்றது. ஈய-அமில பேட்டரி என்றால், டிஸ்டில்டு வாட்டர் கடைசியாக எப்போது ஊற்றினார்கள் என்பதையும் எழுதட்டும். அது குறைந்தாலும், காலியான வண்டியை ஏற்றாமல் போட்டுவைத்தாலும் பேட்டரி சீக்கிரம் போய்விடும். அப்புறம் ஷெட்டில் எத்தனை வண்டி, எத்தனை பிளக் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மனுவில் ‘வண்டி சரியில்லை’ என்று எழுதினால் ரிப்பேர் என்று தள்ளிவிடுவார்கள். ‘இத்தனை வண்டிக்கு இத்தனை பிளக்தான் இருக்கிறது’ என்று எழுதி, அம்மா ஒருவர் பெயரில் மட்டும் போடாமல் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஆணையரிடம் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் நோட்டை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.